கால் வைக்கிற பலகை

சலூனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், மடக்குக் கட்டில்கள். தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் நாலைந்து பேர் சேர்ந்து வேண்டியதை எடுத்துப்போய்க் கொடுப்பார்கள். தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார்கள். காசு வாங்குவதில்லை. அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. சாவி சலூன்காரரிடம். பழுது பார்ப்பது சைக்கிள் கடைக்காரர்.

வாங்கத் தயங்குகிறவர்களிடம் சைக்கிள் கடைக்காரர் சொல்வார்: "இதுல என்னங்க கூச்சம்? இன்னைக்கு உங்களுக்கு, நாளைக்கு எனக்கு."

அந்த நாளையும் வந்தது. அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது; காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவளுடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவளும் படுக்கையில்தான். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகன் வந்து அவளை வெளியூருக்குத் தன்னோடு அழைத்துப்போகிறான். போனால் திரும்பி வரமாட்டாள்.

"கொட்டகையில ஒரு வண்டி எடுத்துட்டு வாங்களேன். அக்காவை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"எல்லாம் வெளிய போயிருக்கு," என்றார் கணவர், சுவரைப் பார்த்து.

"என்கிட்ட சொல்றீங்களா, சுவருகிட்ட சொல்றீங்களா?"

இத்தனை வீடுகளுக்கு நாற்காலி தூக்கிய மனிதருக்குத் தன் வீட்டு வாசலில் அதே நாற்காலி வந்து நிற்பதை நினைத்தால் மனசு ஒப்பவில்லை. நாலு பேர் பார்ப்பார்களே என்றிருந்தது.

சனிக்கிழமை காலை சலூன்காரர் ஏதோ பிரேக் விஷயமாக வந்தார். உள்ளறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"தம்பி, வண்டி ஏதாவது திரும்பி வந்துச்சா?"

"எங்க போச்சு திரும்பி வர? ரெண்டு சும்மாதானே கெடக்குது அண்ணி."

சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சலூன்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்தவன் வீட்டுக்குன்னா விழுந்தடிச்சு ஓடுவீங்க. உங்க வீட்டுக்கு நாங்க வரக்கூடாதாண்ணே?"

அவரே போய் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருவரும் அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்தக் கால் வைக்கிற பலகையை யாரு இவ்வளவு மேல மாட்டினது?"

"நான்தான். கீழ இருந்தா கல்லுல இடிக்கும்."

"இப்ப என் முட்டி நெஞ்சுல இடிக்குது. ஒரு தரமாவது நீங்க இதுல உட்கார்ந்து பாத்தீங்களா?"

இல்லை. எல்லா நாற்காலிகளிலும் அவர் பலகையை அப்படித்தான் மாட்டியிருந்தார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே," என்றார் சலூன்காரர்.

"சும்மா குடுத்ததை யாரு தம்பி குறை சொல்லுவா? எனக்கு இவரு கட்டின புருஷன். நான் சொல்றேன்."

சைக்கிள் கடைக்காரர் தெருவில் மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்த ஸ்பேனரால் பலகையை இறக்கினார். போகிறவர்கள் பார்த்தார்கள். ஒருவர் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்கும் ஒரு காலத்தில் அந்தக் கொட்டகையிலிருந்து கட்டில் போயிருந்தது.

அக்கா படுத்தபடியே தலையைத் திருப்பினாள். "என்னடி, தேர் மாதிரி தள்ளிட்டு வர்றாங்க?"

"உன்னால வர முடியல. நானாவது வரணும்ல," என்று தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் இருவரும் வெளியே வந்து நின்றார்கள்.

கொடுக்க மட்டுமே தெரிந்தவருக்கு வாங்கவும் கற்றுத்தரக் கடவுள் பெரிய வழி எதையும் தேடுவதில்லை.

அன்று மாலை கொட்டகையில் சைக்கிள் கடைக்காரர் இன்னொரு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "கொஞ்சம் தள்ளு."

சலூன்காரர் வாசல்வரை தள்ளினார். "இடிக்குதாண்ணே?"

"இடிக்குது," என்று இறங்கி ஸ்பேனரை எடுத்தார். "வெளிய இருக்கிற வண்டி எல்லாம் யார் யார் வீட்டுல இருக்குன்னு சொல்லு. நாளைக்குப் போயிட்டு வந்துடலாம்."