படம் ஒன்று: இடது முன்கை

1956இல் செங்கல்பட்டில் எனக்கு ஒரு சின்ன டிஸ்பென்சரி இருந்தது. காய்ச்சலுக்கும் கட்டிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு, மருத்துவ உலகம் ராமானுஜம் என்ற பெயரைக் கேட்கப்போகும் நாளை எதிர்பார்த்திருந்தேன். அந்த நாள் குப்பம்மாவின் கையில் வந்து சேர்ந்தது.

குப்பம்மா மாமல்லபுரத்துக் குப்பத்தில் மீன் விற்பவள். வலையை உதறும்போது, சொறி என்று அவர்கள் சொல்லும் கண்ணாடிக் குடை மாதிரியான கடல் பிராணி அவள் இடது முன்கையில் பட்டுவிட்டது. சாட்டையால் அடித்தாற்போல் சிவப்புக் கோடுகள். களிம்பு கொடுத்தேன், ஆறியது. சில வாரம் கழித்து, படாளத்தில் மகள் வீட்டில் இருந்தபோது, கடல் காற்றுகூடப் படாமல் அதே கோடுகள் அதே இடத்தில் திரும்ப எழும்பின. என் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என்னிடம் இருந்தவையே கொஞ்சம் புத்தகங்கள்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பம்பாய்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதினேன். நீளமாகவே எழுதினேன். கிரேக்க மருத்துவர்களிலிருந்து தொடங்கியதால் குப்பம்மா வருவதற்குள் ஆறு பக்கம் ஓடிவிட்டது. தெளிவான புகைப்படம் வேண்டும், நோயாளியின் முகம் தெரியக்கூடாது என்பது பத்திரிகையின் விதி.

"கைய மட்டும் புடிச்சா அது யாரு கைன்னு எப்படித் தெரியும்?" என்றாள் குப்பம்மா. "மூஞ்சியும் வரணும் டாக்டரு. இல்லன்னா நான் வரல."

முகத்தை அச்சில் வெட்டிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டேன். பட்டுப்புடவையில், பவுடர் பூசி, ஸ்டுடியோ நாற்காலியில் கை தெரிய உட்கார்ந்தாள். ஸ்டுடியோக்காரர் சின்னையன் படம் எடுத்தார்.

படம் வந்தது. முகம் லட்சணமாக இருந்தது. கை அதைவிட லட்சணமாக, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது.

"தழும்பு எங்கே சின்னையன்?"

"பொம்பள கையில அம்மாந் தழும்பு நல்லாவா கீது? நெகட்டிவ்லயே பென்சில் போட்டு எட்த்துட்டேன் சார்." அவர் முகத்தில் பெருமை.

"அந்தப் பென்சிலை அழிக்க முடியுமா?"

"மேல வார்னிஷ் அடிச்சிட்டேன். ஆயுசுக்கும் போவாது."

வேறு படம் எடுக்க ஆளனுப்பினேன். குப்பம்மா முழுக்கக் குணமாகி வந்து, உங்கள் மருந்துதான் என்று கும்பிட்டாள். நான் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்கூட அரிக்கவில்லையா?" என்று கேட்டேன். வைத்தியனுக்கு இதைவிட வெட்கக்கேடான கேள்வி கிடையாது.

அடுத்த ஞாயிறு திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போனேன். சொறியை நேரில் பார்த்து வர்ணிக்க என்று மனைவி சாவித்ரியிடம் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அலை ஒதுக்கிய ஒன்று ஈர மணலில் கிடந்தது. சட்டைக் கையை மடித்தேன். இடது முன்கையை அதன்மேல் வைத்தேன்.

நான் போட்ட கூச்சலில் குப்பமே கூடிவிட்டது. குப்பம்மா என் கைமேல் கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "இன்னா டாக்டரு, வேணும்னேவா வச்சே?"

"தவறிப் பட்டுவிட்டது" என்றேன். மடித்த சட்டைக் கையை அவள் ஒருமுறை பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கை ஆறியது. அதன்பிறகு தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்ப்பதே என் முதல் வேலையானது. ஒருநாள் கோடுகள் திரும்ப வந்தன. பரீட்சை பாஸான பையன் மாதிரி சமையலறைக்கு ஓடிக் காட்டினேன். சாவித்ரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்து, "சந்தோஷப்படற விஷயமான்னா இது?" என்றாள். பதில் சொல்ல நேரமில்லை, சின்னையனிடம் ஓடினேன். பென்சில் டப்பாவை என் மடியில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் படம் எடுக்கவிட்டேன்.

கட்டுரையில் புதிதாகச் சேர்த்தேன்: 'இரண்டாவது நோயாளி ஆண், வயது நாற்பத்திரண்டு, கூர்ந்த மதி உடையவர்.'

என் ஆங்கிலத்தைத் திருத்துவது சாவித்ரிதான். கான்வென்டில் படித்தவள். அந்த வரியில் பேனாவை நிறுத்தினாள்.

"கூர்ந்த மதிக்கு ஆதாரம் ஏதாவது இருக்கான்னா?"

நான் யோசித்தேன். அதற்குள் அவள் அந்த வரியை அடித்துவிட்டாள். கிரேக்கர்களையும் சேர்த்து.

மிச்சம் இருந்ததை அனுப்பினோம். பத்திரிகை அதிலும் பாதியைக் குறைத்து, ஒரு பக்கத்தின் அடியில் போட்டது. என் கை தெளிவாக விழுந்திருந்தது.

அந்த மழைக்காலத்தில் கோடுகள் மூன்றாம் முறையும் வந்தன. எழுத வேண்டியதெல்லாம் எழுதி அச்சாகிவிட்டதால், அந்த முறை அரிப்பு மட்டுமே இருந்தது.