தொட்டுப் பார்க்காதவர்கள்

சட்டையின் நான்காவது பொத்தான் துளையை எட்டவில்லை. அக்கா இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். துணிதான் நெளிந்தது, வயிறு இடம் கொடுக்கவில்லை. போன மாதம் வாங்கிய சட்டை, அன்றைக்குத் தொளதொளவென்று இருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற வார்டு ஆயா, "விட்டுடும்மா, மேல போர்வையைப் போட்டுட்டா தெரியாது" என்றாள்.

அக்கா பொத்தானை விட்டுவிட்டுத் தம்பியின் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பலகை மாதிரி இருந்தது. ஐந்து நாளாக அவன் இதைத்தான் சொன்னான்.

"அக்கா, வயித்துக்குள்ள கல்லு வச்சிருக்காங்க."

மூன்றாம் நாள் அவனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மாதம் ஒருமுறை நான்கு நிமிடம் பார்க்கும் அதே மருத்துவர். இருபத்திரண்டு வருடமாக அவர் கேள்விகளையெல்லாம் அவளிடம்தான் கேட்பார். தூங்குகிறாரா, மாத்திரை போடுகிறாரா, குரல் கேட்பது குறைந்திருக்கிறதா. தம்பி பக்கத்து நாற்காலியில், வாயோரம் வழியும் எச்சிலைத் துண்டால் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு அதிசயமாக அவனைப் பார்த்தே ஒரு கேள்வி கேட்டார்: "யாரு வச்சாங்க கல்லை?"

தம்பி யோசித்தான். "தெரியல சார். ஆனா இருக்கு."

மருத்துவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். வெளியே வந்து அவள் சீட்டைப் பார்த்தபோது இரவு மாத்திரை ஒன்று இரண்டாகியிருந்தது. அவன் வேண்டாம் என்றான். அவள் அதைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தாள். அது அவளுக்குக் கைவந்த வேலை.

இன்று விடிந்ததும் வாந்தி எடுத்தான். கறுப்பாக வந்தது. ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வார்டில் படுக்கவைத்த அரைமணி நேரத்தில் பிடி தளர்ந்தது.

திரையை விலக்கிக்கொண்டு அவள் கணவர் வந்தார். கையில் ஒரு படிவம். கையெழுத்துப் போட்டால் மதியத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். அவள் வாங்கிப் படித்தாள். இதயம் நின்றதால் இயற்கையான மரணம். மனநோயாளி என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது.

"இதயம் நின்னா சாவாங்கன்னு சொல்ல ஒரு டாக்டர் வேணுமா?" என்றாள்.

கணவர் நல்ல மனிதர்தான். தம்பியை வீட்டில் வைத்துக்கொள்ள ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இப்போது அவள் முகத்தைப் பார்த்துப் பயந்தார்.

அவள் குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் வேலையில் இருந்தாள். குழாயில் புழு வருகிறது என்று ஒருவர் சொன்னால் புழு என்றுதான் எழுத வேண்டும், மற்றதெல்லாம் ஆள் போய்ப் பார்த்த பிறகு. பத்தொன்பது வருடமாக ஊரார் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதியவள், வீட்டில் ஒருவன் வலிக்கிறது என்றதைப் போய்ப் பார்க்கவில்லை.

"வயித்த அறுத்துப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

செய்தி எப்படியோ மாடியிலிருந்த மனநலப் பிரிவுக்குப் போய், மனநல மருத்துவரே இறங்கி வந்தார். தாழ்வாரத்தில் அவளை ஓர் ஓரமாக அழைத்து, பிரேதப் பரிசோதனையால் உடம்பைச் சிதைப்பதைத் தவிர வேறு பலன் இல்லை என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். இந்த நோய் இருப்பவர்களுக்கு ஆயுசு குறைவு, புள்ளிவிவரமே இருக்கிறது என்றார்.

"நோயாலயா, மாத்திரையாலயா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூளையில ரசாயனம் கூடக் குறைய ஆனதுதாம்மா எல்லாத்துக்கும் காரணம். அன்னிக்கே சொன்னேனே, சர்க்கரை வியாதி மாதிரின்னு."

சொல்லியிருந்தார். தம்பிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் கூட்டாளி ஒருவன் லிஃப்ட்டில் நசுங்கிச் செத்தான். அதன்பிறகு தம்பி தூங்கவில்லை. செத்தவன் கூப்பிடுகிறான் என்றான். "நான்தான் பொத்தானை அழுத்தினேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். மருத்துவர் ரசாயனம் என்றபோது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! யார் மேலும் பழியில்லை, யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சர்க்கரை வியாதிக்கு ரத்தம் எடுத்து அளவு சொல்வார்கள். தம்பியிடமும் குடம் குடமாக ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் மாத்திரை அவன் உடம்பைக் கெடுக்கிறதா என்று பார்க்கத்தான். அந்த ரசாயனத்தை ஒருதரம்கூட யாரும் அளக்கவில்லை.

"அளந்தீங்களா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"அந்த ரசாயனத்தை. எவ்வளவு இருந்துச்சு அவனுக்கு?"

மருத்துவர் அவளையே சற்றுநேரம் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானதுதான், இதுவரை பக்கத்து நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தது. "நீங்க ரொம்பக் கொந்தளிச்சுப் போயிருக்கீங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம் வேற. ரெண்டு வாரத்துக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதித் தரேன், போட்டுக்குங்க" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அவள் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். பின்னாலேயே வந்த கணவர் நீட்டிக்கொண்டிருந்த படிவத்தில், கையெழுத்துப் போடும் இடத்தில், வயிற்றுவலி என்று ஐந்து நாளாகச் சொன்னான், யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, நானும்தான் என்று எழுதி, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். மருத்துவர் அந்தப் பக்கமாகவே நடந்து போய்விட்டார்.

பிணவறைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் காத்திருந்தார்கள். மூன்று மணிக்கு ஒரு வயதானவர் வந்தார். கட்டை குட்டையான ஆள், வலது கையில் இரண்டு விரல் இல்லை. தம்பி வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் போர்மேன். கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். கணவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனார்.

போர்மேன் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி, "கடைசி வரைக்கும் அவன் குரல் கேட்டுச்சா தம்பிக்கு?" என்று கேட்டார்.

"எவன் குரல்?"

"ஒல்லியோட குரல்தான். செத்துப்போனானே, எங்க ஆளு. நாங்க ஒல்லின்னுதான் கூப்பிடுவோம்."

குரல் ஒருநாளைக்கு எத்தனை தடவை கேட்கிறது, சத்தமாகவா மெதுவாகவா, மாத்திரைக்குப் பிறகு குறைந்ததா என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். குறித்து வைக்க ஒரு நோட்டே போட்டிருந்தாள். ஆனால் அந்தக் குரலுக்கு ஒரு பெயர் உண்டு என்பதை இப்போதுதான் கேட்கிறாள்.

போர்மேன் சொன்னார். அன்றைக்கு லிஃப்ட் கூண்டின் உச்சியில் ஒல்லி வேலை செய்துகொண்டிருந்தான். அவன் இறங்கிவிட்டான் என்று நினைத்து, மேலே ஏற்றச் சொல்லிக் குரல் கொடுத்தது போர்மேன். ஆறாவது மாடியில் நின்று பொத்தானை அழுத்தியது தம்பி. விசாரணையில், லிஃப்ட் பழுதாகித் தானாகவே கிளம்பியது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்ல வேண்டும் என்று கம்பெனியில் பேசிவைத்தார்கள். எல்லோரும் சொன்னார்கள்.

"உங்க தம்பி மட்டும் மாட்டேன்னுட்டான். நான்தான் அழுத்தினேன், அழுத்தினேன்னு அதையே சொன்னான். அப்ப நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது எங்களுக்கு வசதியாப் போச்சு. பாவம், அவனுக்கு மூளை சரியில்லைங்கன்னு அதிகாரிகிட்ட நானே சொன்னேன்."

அக்கா அந்த முதல் வருடத்து ஆஸ்பத்திரிக் கோப்பை ஒருமுறை பார்த்திருக்கிறாள். செய்யாத குற்றத்தைச் செய்ததாக நம்புகிறார் என்று அதில் எழுதியிருந்தது. வேலையிடத்துக்குப் போய் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும். மருத்துவருக்கு அது தேவைப்படவில்லை. எந்த மாத்திரை என்று முடிவு செய்ய அவருக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

அவள் போர்மேனைத் திட்டவில்லை. தேநீர் வந்தது. இருவரும் குடித்தார்கள்.

நான்கரை மணிக்குப் பரிசோதனை செய்த பெண் மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குடல் அசைவு நின்றுபோய், உள்ளே எல்லாம் இறுகி, ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது என்றார். அந்த மாத்திரைக்கு அப்படிச் செய்கிற குணம் உண்டு, அட்டைப்பெட்டியில் இருக்கும் தாளிலேயே அச்சடித்திருப்பார்கள். தயங்கிவிட்டுச் சொன்னார்: "மூணாவது நாள் யாராவது வயித்த அமுக்கிப் பாத்திருந்தாகூடத் தெரிஞ்சிருக்கும்மா. கல்லு மாதிரிதான் இருந்திருக்கும்."

"அவன் அப்படித்தான் சொன்னான்" என்றாள் அக்கா. அந்த மருத்துவர் அதை எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அடக்கம். வந்தவர்களில் பாதிப் பேர், போகட்டும், அவனுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை என்று அவள் தோளைத் தட்டினார்கள். ஒருத்தி, நீ கவனித்துக்கொண்ட மாதிரி யார் கவனிப்பார்கள், ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லையே என்றாள். அக்கா அவள் கையைத் தோளிலிருந்து எடுத்து அவளிடமே விட்டாள். போர்மேனோடு நான்கு பழைய மெக்கானிக்குகள் வந்திருந்தார்கள். யாரையும் தொடவிடாமல் அவர்களே பெட்டியைத் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர்கூட அவளை நேராகப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கெல்லாம் வீடு காலியானது. போர்மேன் மட்டும் கூடவே வந்திருந்தார். அடுத்து என்ன செய்வதாக இருந்தாலும், எந்த அதிகாரி முன்னால் என்றாலும், தான் வந்து நடந்ததைச் சொல்வதாகச் சொன்னார். செய்யலாம் என்றாள். மேலே மின்விசிறி கடகடத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் விடைபெற்று எழுந்தார்.

"அவன் எப்படிப் பேசுவான்?" என்று அக்கா கேட்டாள்.

"யாரும்மா?"

"ஒல்லி."

போர்மேன் திகைத்து நின்றார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "கொஞ்சம் கீச்சுக் குரலா இருக்கும். ஆளு ஒசரம், குரலு மட்டும் பொடிசு. உங்க தம்பியை மாப்ளேன்னுதான் கூப்பிடுவான், இழுத்து இழுத்து..."

அதே மாதிரி கூப்பிட்டுக் காட்ட அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அக்கா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.