நெஞ்சு உயரத்தில் ஒரு மரமுளை

1

இந்தக் கதை ஒரு மாத்திரை டப்பாவிலிருந்து வந்தது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. (பெயர் கேட்காதீர்கள், கதைக்காக நானே கட்டியது.) அங்கே பதினோரு மணி டீயோடு வலி மாத்திரையும் வரும். டீக்குக் காசு பிடிப்பார்கள். மாத்திரை இலவசம். அந்த இலவசம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. பேனாவை மெதுவாகப் பிடிக்கப் பார்க்கிறேன், தாள் கிழிகிறது.

2

முதல் தொடக்கம்: "வேலுத்தாயின் இடுப்பில் ஒரு பாம்பு சுருண்டு படுத்து…"

அடித்துவிட்டேன். பாம்பாக இருந்தால் யாராவது கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். இருந்தது வெறும் வலி.

இரண்டாவது தொடக்கம்: வேலுத்தாய் சரவெடி பின்னுகிறவள். சுவரில் தரையோரமாக, கட்டையில் செதுக்கிய ஆணி போல ஒரு மரமுளை இருக்கும். நூலை அதில் மாட்டி, காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து குனிந்து வெடிகளைக் கோத்துப் பின்ன வேண்டும். வருடக்கணக்கில் குனிந்தாள். வருடக்கணக்கில் மாத்திரை போட்டாள். கடைசியில் விருதுநகர் ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் தாங்காது, இனி அந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

அங்கே அவளைப் பார்த்தது ஒருவர் மட்டுமல்ல. மருத்துவர் பார்த்தார். உடற்பயிற்சி சொல்லித்தரும் லட்சுமிகாந்தம் நடக்கவிட்டும் வளையவிட்டும் பார்த்தாள். மனநல ஆலோசகர் ஒருத்தி தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள். பக்கத்துக் கம்பெனியில் வெடித்த நாளிலிருந்து, கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூடத் தன் தோள் இறுகிப்போவதை வேலுத்தாய் அவளிடம்தான் முதலில் சொன்னாள். (இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லை. பெரிதாகக் கொட்டாவி விட்டாள்.)

மூச்சுப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், காலையில் நடை. வலி போய்விடவில்லை. ஆனால் வலியோடு தூங்க முடிந்தது.

"எல்லாம் சரிதான்க்கா," என்றாள் லட்சுமிகாந்தம். "நாள்பூரா குனிஞ்சே உக்காந்தீகன்னா நாங்க செய்றது அம்புட்டும் வீணு. கொஞ்ச நேரம் உக்காந்து, கொஞ்ச நேரம் நின்னு பின்னுங்க."

"மொளை தரையிலல்ல இருக்கு. நின்னா நூலு எப்படித்தா எட்டும்?"

"அப்ப மொளைய மேல வைக்கச் சொல்லுங்க."

இத்தனை பேர் கூடிச் செய்த வைத்தியத்தில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான். நெஞ்சு உயரத்தில் ஒரு மரமுளை.

4

போர்மேன் சோலைச்சாமியை முதலில் மீசையும் தொந்தியுமாக, கெட்டவராகவே எழுதினேன். பிறகு அவர் சட்டைக்குள் வலிக்குக் கட்டும் இடுப்பு பெல்ட் தெரிந்தது. அவரும் அதே டப்பாவில்தான் எடுத்துப் போடுகிறார். அதற்காக மன்னித்துவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை.

"அண்ணாச்சி, ஒரே ஒரு மொளை. மேல வச்சுக் குடுங்க."

"ஏத்தா, நின்னுக்கிட்டே பின்னுறதுக்கு இது கம்பெனியா, ரேசன் கடை வரிசையா? ஒனக்கு வச்சா எல்லாவளும் கேப்பாளுக."

"கேக்கட்டுமே. எல்லாவளுக்கும் இடுப்பு இருக்குல்ல?"

அறையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"ஆர்டர் மலையாக் கெடக்கு. சீசன் முடியட்டும், பாப்போம். இந்தா, மாத்திரையப் போடு. முடியாதுன்னா வீட்டுல இரு. வேற ஆளு வரும்."

சீசன் முடியும், அடுத்தது தொடங்கும். இடுப்புக்கு ஏது சீசன்?

5

முடிவு ஒன்று: மறுநாள் வேலுத்தாய் வீட்டிலிருந்து சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்கச் சுவரில் ஓங்கி…

(நிறுத்துகிறேன். எழுதும்போது எனக்கே கை தட்டத் தோன்றியது. வெடி கிடக்கும் அறையில் இரும்போடு இரும்பு மோதினால் பொறி பறக்கும். இந்தப் பக்கத்து ஆட்கள் இதைப் படித்தால் எழுந்து ஓடுவார்கள். என் வீர முடிவு அந்த அறையில் ஒருத்தியையும் உயிரோடு விட்டிருக்காது. அறையைக் காலி செய்து, கழுவி, லீவு நாளில்தான் முளை பதிக்க முடியும். அரை நாள் வேலை. அறைச் சாவி கம்பெனியிடம்.)

முடிவு இரண்டு: அவள் மாத்திரையை வாங்கி வாயில்…

எழுத மாட்டேன். இது எழுதாமலே தினமும் நடக்கிறது.

6

இதுவரை நடந்தது இது. வேலுத்தாய் மாத்திரையை டப்பாவில் திரும்பப் போட்டாள். எழுந்து நின்றாள். பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த மாரிசெல்வி தன் சரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வேலுத்தாயின் நூல் நுனியை வாங்கித் தன் நெஞ்சு உயரத்தில் இழுத்துப் பிடித்தாள்.

"பின்னுங்க மதினி."

"ஒன் கூலி போகுமேடி."

"மொளைகிட்டப் போயி யாராச்சும் கூலி பேசுவாகளா? பின்னுங்கங்கேன்."

வேலுத்தாய் நின்றபடி பின்னுகிறாள். வாசலில் சோலைச்சாமி. "மாரி, உக்காருத்தா" என்கிறார். கை தானாக இடுப்பு பெல்ட்டைத் தொடுகிறது. அடுத்து அவர் என்ன சொல்வார்? தெரிந்த மாதிரி எழுதினால் பொய்.

மாரிசெல்வி நூலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொள்கிறாள். சுவர் பார்க்க வேண்டிய வேலையை ஒருத்தியின் கை பார்த்தால் அதற்கும் வலிக்கத்தானே செய்யும்? நாளைக்கு அவளுக்கும் டப்பா நீளும்.

நீங்கள் முடிவு கேட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்திருங்கள். நூல் நுனி இதோ. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருங்கள். நான் போய்ச் சாவி கேட்கிறேன்.