கூடுதலாக அரைச் சுற்று

பட்டனை அழுத்தினால் உள்ளே மின்விசிறி மூன்று விநாடி சுற்றும். பிறகு அடங்கிவிடும். பத்தேகால் மணியிலிருந்து இதே கூத்து. சாப்பாட்டு மேசைமேல் புத்தம் புதுக் கம்ப்யூட்டர், பக்கத் தகடு கழற்றி, வயிற்றைத் திறந்து போட்டபடி கிடந்தது.

பதினொரு மணிக்கு மெக்கானிக்கின் மனைவிக்குத் தேர்வு. கட்டட வரைபடம் போடும் நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தபடியே இரண்டு மணி நேரத்தில் ஒரு கட்டடத்தை வரைந்து காட்டச் சொல்லியிருந்தது. மகள் பிறந்து ஐந்து வருடம் கழித்து அவளுக்கு வந்த முதல் அழைப்பு. ஒரு நிமிடம் பிந்தினாலும் பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அவளுடைய பழைய லேப்டாப்பில் அந்த மென்பொருள் திறப்பதற்குள் மனிதருக்கு வயதாகிவிடும். அதனால்தான் இந்தப் புதுப் பெட்டி. பாகம் பாகமாக வாங்கி வந்து, விடுமுறை நாளில் உட்கார்ந்து, மெக்கானிக்கே பூட்டினார். நேற்றுச் சாயங்காலம் அது ஜம்மென்று ஓடவும் செய்தது.

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு. காலையில ஏதாவது தொட்டீங்களா?" என்றாள்.

"நான் ஏன் தொடப்போறேன்?" என்றார்.

அப்போது அது பொய்யில்லை. அவர் லிப்ட் மெக்கானிக். இருபது வருடமாக மனிதர்கள் தொங்கும் பெட்டிகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நேற்று முடுக்கியதை இன்று காலை இன்னொரு முறை முடுக்கிப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அவர் முடுக்கிய போல்ட்டை அவரே வந்தால்தான் கழற்ற முடியும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். விடியற்காலை பல் தேய்த்த கையோடு, பிராசசர்மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தணிக்கும் கூலரின் நாலு திருகையும் அரைச் சுற்று கூடுதலாக முடுக்கினார். அதையெல்லாம் தொடுவது என்ற கணக்கில் அவர் சேர்ப்பதில்லை.

மெமரிப் பட்டைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். இடம் மாற்றிப் பார்த்தார்கள். மதர்போர்டின் மூலையில், மெமரிக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் விளக்கு விடாப்பிடியாக எரிந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டால், "பெட்டியத் தூக்கிட்டு வாங்க, சாயங்காலம் பாத்துடலாம்" என்று சாவகாசமாகச் சொன்னார்.

மனைவி குனிந்து, ஒரு கண்ணை மூடி, போர்டைப் பக்கவாட்டில் பார்த்தாள். வரைகிறவள் கண். மேசை இழுப்பறையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, மெமரியின் ஓரமாகப் போர்டோடு ஒட்டிவைத்தாள். ஸ்கேலுக்கும் போர்டுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சம் தெரிந்தது.

"இது வளைஞ்சிருக்குங்க."

மெக்கானிக்குக்குக் கூலரின் நாலு திருகும் ஞாபகத்துக்கு வந்தன. கூலர் இழுத்த இழுப்பில் போர்டு வளைந்து, மெமரி தன் இடத்தில் சரியாகப் படியவில்லை. நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"அது அப்படித்தான் இருக்கும். புதுசுல கொஞ்சம் வளைவு இருக்கும்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் தெரிந்தது. இவள் வேலைக்குப் போய்விட்டால் மகளை யார் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது, காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது என்று ஒரு வாரமாக மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. நல்ல புருஷன் என்று பெயர் எடுக்கப் பெட்டியையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இப்போது அது தானாகவே கெட்டுப்போனால் தன்மேல் பழி இல்லையே. நெஞ்சு லேசானது. லேசானதை நினைத்து அசிங்கமாகவும் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அவள் நம்பினாள். யந்திரம் என்று வந்தால் அவர் பேச்சுக்கு அவளிடம் மறுபேச்சு கிடையாது. மறுபடி கேபிள்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மறுபடி பட்டன். மறுபடி மூன்று விநாடி. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"என்ன பண்ற?"

"வர முடியலன்னு எழுதிடறேன். சொல்லாம விடறது மரியாதை இல்ல." குரல் நடுங்கவில்லை. 'மன்னிக்கவும்' என்று தட்டி, அழித்து, திரும்பத் தட்டினாள்.

"எழுதாத" என்றார் மெக்கானிக். "கூலரக் காலையில நான்தான் முடுக்குனேன். நீ சொன்னது சரி. வளைஞ்சிருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாள்.

தளர்த்துவது அவர் கைக்குப் பழக்கமில்லாத வேலை. ஒரு திருகு, அதற்கு எதிர்மூலைத் திருகு, மற்ற இரண்டு. முதலில் கால் சுற்று. பட்டனை அழுத்தினாள். மூன்று விநாடி, நின்றது. இன்னும் கால் சுற்று. அவர் உள்ளங்கை வேர்த்து ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. மெமரியைக் கழற்றி அழுத்தி மாட்டினார். மின்விசிறி சுற்றியது. மூன்று, நாலு, ஐந்து. மஞ்சள் விளக்கு அணைந்தது. திரை வெளுத்தது.

மணி பத்து ஐம்பத்து மூன்று. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டாள். மென்பொருள் திறக்கும்வரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நீ ஸ்கேல் வச்சப்போ."

"அப்ப மணி பத்து முப்பத்தஞ்சு. கேபிளெல்லாம் அழுத்திட்டு நான் போன எடுக்கும்போது பத்து நாப்பத்தஞ்சு." அவள் ஹெட்போனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "பத்து நிமிஷம் பாத்துக்கிட்டு நின்னிருக்கீங்க."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"இப்ப வேணாம். அழுதா கோடு கோணிடும். பன்னெண்டரைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க. நாளைக்கும் நீங்கதான்."

"நாளைக்கு எனக்கு ஷிப்ட்டு."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் ஹெட்போனைக் காதில் வைத்தாள்.