பச்சையான பொத்தான்

"நேத்தே அமுக்கிட்டேன்மா. பச்சையாச்சு. மெய்யாலுந்தான் சொல்றேன்."

துரை சொன்னதை ஸ்ரீலேகா நம்பவில்லை. உத்திரமேரூரில் உழவர் குழுவின் நெல் களத்தில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருந்தாள். நெல் எடை போட வரிசை எண் தரும் இணையதளம் அவள் எழுதியது. அதில் பொத்தானை அமுக்கிப் பதிந்தவர்களின் பட்டியலில் துரையின் பெயர் இல்லை.

"சர்வர்ல உங்க பேரே இல்ல. போடாமலே போட்டேன்னு பொய் சொன்னா நான் இன்னா பண்ண முடியும்?"

சத்தமாகவே கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னா துரை, தூக்கத்துல அமுக்கினியா?" என்றார் முதலில் நின்ற சடையப்பன்.

துரை தன் நெல் குவியலைப் பார்த்தார். திருப்புலிவனத்தில் குத்தகை நிலத்தில் விளைந்தது. ஏரிப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த நெல்லை எடை போடமாட்டார்கள்.

அவர் மகள் அனுஷா, அவர் அமுக்கிய போனை நீட்டினாள். "நீங்களே அமுக்கிப் பாருங்கக்கா."

ஸ்ரீலேகா அமுக்கினாள். பொத்தான் பச்சையானது. வரிசை எண் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் பச்சை மட்டும்தான்.

போனை உற்றுப் பார்த்தாள்.

"இதுல ஜாவாஸ்கிரிப்ட் ஆஃப்லியா கீது?"

"ஆமாக்கா. விளம்பரமா வந்து ஒரே பேஜாரு. டேட்டாவும் தீந்துபூடுது. அதான் நிறுத்தி வச்சேன்."

பொத்தானை அமுக்கியதும் பதிவைச் சர்வருக்கு அனுப்புவதே பிரவுசருக்குள் ஓடும் அந்த ஸ்கிரிப்ட் நிரல்தான். அது ஓடாத போன்களுக்கென்று எளிய பக்கம் ஒன்றையும் ஸ்ரீலேகா எழுதியிருந்தாள். எந்தப் போனுக்கு எந்தப் பக்கத்தை அனுப்புவது என்று தெரிந்துகொள்ள, பிரவுசர் சொல்லும் பெயரை மட்டும் சர்வர் பார்த்தது. புதிய பிரவுசரா, ஸ்கிரிப்ட் ஓடும் என்று அதுவே முடிவுகட்டியது; யாராவது அதை நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவில்லை. முதலில் எளிய பக்கத்தை அனுப்பி, அதிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடிப் பதில் சொன்னால் மட்டும் ஸ்கிரிப்ட் உள்ள பக்கத்தைத் தந்திருக்கலாம். தெரிந்தும் செய்யவில்லை. எவன் நிறுத்தி வைக்கப்போகிறான் என்ற அலட்சியம். விரல் பட்டதும் பொத்தான் பச்சையாகவேண்டும் என்பதற்கு மட்டும் ஆசை ஆசையாக மெனக்கெட்டிருந்தாள். அந்தப் பச்சைக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை; பதிவாகாவிட்டாலும் பச்சையாகும்.

எழுந்து துரையின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, தப்பு எம்மேலதான். மன்னிச்சிடுங்க. இப்பவே உங்க பேரைப் போட்டுடறேன்."

துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். "பொய்யின்னு சொன்னது களம் பூரா கேட்டுச்சே. இத்த மட்டும் இன்னாத்துக்கு என் காதுல சொல்ற?"

ஸ்ரீலேகாவுக்கு முகம் எரிந்தது. வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். சடையப்பன் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"துரை அண்ணன் பொய் சொல்லல. நேத்தே அமுக்கியிருக்காரு. நான் எழுதினதுதான் தப்பு. அது தெரியாம எல்லார் எதிர்லயும் அவரை அப்படிப் பேசிட்டேன்."

சிரிப்பு அடங்கியது. சடையப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு தராசின் மேலிருந்த தன் மூட்டையை இழுத்துக் கீழே வைத்தார்.

"மொதல்ல உன்னுத எடு துரை. மழை வருது."

ஒரு துளி ஸ்ரீலேகாவின் கைமேல் விழுந்தது. துரை குவியலை நோக்கி ஓடினார்.

"நின்னுக்கினு கீறியே! அந்தத் தார்ப்பாயைப் புடிம்மா!"

அவள் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையில் அனுஷா நின்றாள். எடை முடியும்வரை ஸ்ரீலேகாவால் அனுஷாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.