கிழக்கு மூலை

காசிம், தன் அண்ணனின் வலது கையை ஏந்தி, விரல் விரலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நகங்களுக்குள் செம்மண் அப்பியிருந்தது. எத்தனை செம்பு ஊற்றியும் போகவில்லை.

“ரொம்ப நோண்டாத காசிம்,” என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத். “உசுரோட இருக்கிறவரைக் குளிப்பாட்டுற மாதிரி, பதமா.”

பத்து நாளாக இருமலோடு படுத்திருந்தவர் அண்ணன் அப்துல் ஷுக்கூர். நேற்றுக் காலை, “தரையை ஒரு பார்வை பாத்துட்டு வரேன்” என்று போனவர், மதியம் மாட்டுவண்டியில் உயிர் பிரிந்த மையத்தாகத் திரும்பினார். பார்க்கப் போனவர் நகத்தில் மண் ஏன் ஏறியது? காசிம் இன்னொரு செம்பு ஊற்றினான்.

தர்மபுரி தனி ஜில்லா ஆனதிலிருந்து, புதுவீடு கட்டுகிறவர்களுக்கு வாசலில் புல்தரை, அதாவது லான், போடும் ஆசை பிடித்திருந்தது. நல்லம்பள்ளியில் வீடு கட்டிய வெங்கடாசலம், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அந்த வேலையை ஷுக்கூரிடம் ஒப்படைத்திருந்தார். புல் நடுவது சுலபம். தரையைத் தயார் செய்வதில்தான் உயிர் போகும். ஒரு முழம் ஆழம் வெட்டி, கட்டி உடைத்து, கோரைக் கிழங்கு ஒன்றுகூட விடாமல் பொறுக்க வேண்டும். விட்டால் முதல் மழையிலேயே புல்லைத் துளைத்துக்கொண்டு கோரை எழும்பிவிடும். அண்ணன் படுத்ததும் காசிம் போனான். மூன்று பக்கம் ஒழுங்காகத்தான் வெட்டினான். கிழக்கு மூலைக்கு வந்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று. மேலாக நாலு விரல் கொத்தி, எருவைப் போட்டு மூடி, மட்டப்பலகையை இழுத்துவிட்டான்.

“வெட்டுனியா, தடவிக் குடுத்தியா?” என்று படுக்கையில் இருந்தபடியே அண்ணன் சிரித்தார்.

“முழம் போட்டு வெட்டியாச்சுண்ணே.”

அதை நம்பித்தான் ஷுக்கூர், “ஒரு கோரை மொளைச்சாலும் என்னைக் கேளுங்க” என்று மாஸ்டருக்குச் சொல்லியனுப்பினார்.

கபர்ஸ்தானில், தோண்டிய குழிக்குப் பக்கம், வேம்பின் நிழலில் மையத்தைச் சுமந்துவந்த சந்தூக்கை இறக்கினார்கள். மதிலோரம் சென்னப்பன் நின்றிருந்தான். அண்ணனோடு இருபது வருஷம் மண் வெட்டியவன். காசிம் அவன் பக்கத்தில் போனான்.

“நேத்து என்ன நடந்துச்சு சென்னப்பா?”

சென்னப்பன் துண்டால் வாயைத் துடைத்தான். “கெழக்கு மூலையில காலை வச்சாருங்க. குதிகாலால ஒரு அமுக்கு. அவ்ளோதான், தெரிஞ்சுபோச்சு.”

“திட்டுனாரா?”

“சிரிச்சாரு. ‘எந்தம்பி தடவித்தான் குடுத்திருக்கான்’னாரு. குந்திக்கிட்டு அவரே வெட்டி நோண்ட ஆரம்பிச்சுட்டாரு. வேணாம் பாய்னு கெஞ்சுனேன், கேக்கல. ‘அவங்கிட்ட சொல்லிப்புடாத, சங்கடப்படுவான்’னாரு. கொஞ்ச தூரம் வெட்டிக்கிட்டே போனாரு… அப்படியே சாஞ்சிட்டாரு.” குரலைத் தாழ்த்தினான். “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க.”

தொழுகைக்கு வரிசை நின்றது. தொழுகைக்கு முன் இறந்தவருக்காக அவர் பிள்ளை மன்னிப்புக் கேட்பது வழக்கம்; ஷுக்கூருக்குப் பிள்ளையில்லை. ஹஜ்ரத் காசிமைப் பார்த்துத் தலையசைத்தார். எத்தனையோ மையத்துகளில் கேட்ட இரண்டு வாக்கியங்கள்தான்.

“எங்கண்ணன் யாருக்காச்சும் பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட கேளுங்க. மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சிடுங்க.”

சொல்லியாயிற்று. ஹஜ்ரத் தொழும் திசையான கிப்லாவை நோக்கித் திரும்பினார். மதிலுக்கு அப்பால், செருப்பைக் கழற்றிவிட்டு வெங்கடாசலம் நின்றிருந்தார். அல்லாஹ் அறிவான், சென்னப்பன் அறிவான். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மழை வந்த பிறகு, ‘ஷுக்கூர் பாய் கை வச்ச தரையைப் பாருங்க’ என்று ஊர் சிரிக்கும். அதற்குப் பதில் சொல்ல அண்ணன் இருக்கமாட்டார்.

ஹஜ்ரத் தொழுகையைத் தொடங்கக் கைகளை உயர்த்தப் போனார்.

“கொஞ்சம் நில்லுங்க ஹஜ்ரத்.” காசிம் மதில் பக்கம் திரும்பினான். “மாஸ்டரய்யா, கெழக்கு மூலைய நான் வெட்டலீங்க. மேல மூடிட்டு, வெட்டிட்டேன்னு அண்ணங்கிட்ட பொய் சொன்னேன். அங்க கோரை மொளைச்சா அது எங்கண்ணன் மேல இல்லீங்க. எம்மேல.”

வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். வெங்கடாசலத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“புல்லு வண்டி காலையிலயே வந்து எறக்கிட்டாங்களேப்பா,” என்றார்.

காசிம் வாய் திறக்குமுன் “அல்லாஹு அக்பர்” என்று ஹஜ்ரத்தின் தக்பீர் ஒலித்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவன் கதவோரம் நின்றான். உள்ளே அண்ணி ஷரீபுன்னிசா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது.

“அண்ணி…”

“அந்த மூலைய வெட்டப் போங்க தம்பி,” என்றாள், திரும்பாமல். “வூட்டுல நாங்க இருக்கோம்.”

பிடுங்கிய அருகம்புல் வெயிலில் ஒரு பொழுதுகூடத் தாங்காது. எல்லாம் வாடிப்போயிருக்கும், நல்ல வசவு காத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேதான் காசிம் நல்லம்பள்ளிக்குப் போனான்.

வெங்கடாசலம் வீட்டுப் புங்கமரத்தடியில் இண்டூரிலிருந்து வந்த புல்கட்டுகள் ஈரச்சாக்குக்குள் கிடந்தன. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எத்தனை நாளு வேணும்?”

“ரெண்டு நாளுங்க.”

“முழம் போட்டா?”

“முழம் போட்டுங்க.”

“வெட்டு.”

அண்ணன் வெட்டியிருந்த இடம் எங்கே நின்றதென்று பார்த்தாலே தெரிந்தது. அந்த விளிம்பில் நின்று காசிம் மண்வெட்டியை இறக்கினான். சென்னப்பன் எதிரே வந்து குந்தி, கட்டிகளை உடைக்கத் தொடங்கினான்.

வெயில் சாயச் சாயப் புங்கமர நிழல் நகர்ந்துகொண்டே போனது. ஸ்டேஷன் மாஸ்டர் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, நிழல் போன பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.