பாதிப் புல்வெளி

1

பொறுமையின் விலை ஒரு மூட்டை உரம். பேரம் கிடையாது, நான் பேசிப் பார்த்துவிட்டேன். ஆனால் இந்தக் கதை எனக்கு மலிவாக, ஒரு டீக்குக் கிடைத்தது. கோடையின் முதல் போட்டி பார்க்க ஒரு விளையாட்டு கிளப்புக்குப் போயிருந்தேன். நடைபாதைக்கு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வைக்கோல் என்று ஒரே புல்வெளி இரண்டு நிறத்தில் கிடந்தது. டீ வாங்கிக்கொண்டு கதை சொன்னவள் பச்சைப் பக்கத்துக்காரி.

2

"பனி விலகாத அந்த விடியலில், அவள் கண்களில்..."

(அடித்துவிட்டேன். அவள் கண்களில் தூக்கம்தான் இருந்தது.)

நேராக வருகிறேன். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் இருவர், மூத்தவள், இளையவள். கிளப்பில் புல் பராமரிக்கும் வேலை, ஆளுக்குப் பாதிப் புல்வெளி. முதல் போட்டியன்று எவள் பாதி நன்றாக இருக்கிறதோ அவளுக்கே முழு வேலையும், மற்றவள் வீட்டுக்கு. மேனேஜரின் ஏற்பாடு.

3

குளிர்காலத்தில் இந்த வகைப் புல் மஞ்சளாகித் தூங்கும். நடுக்குளிரில் சில நாள் நல்ல வெயில் அடித்தது. மூத்தவள் உர மூட்டையைப் பிரித்துவிட்டாள். அவள் பக்கம் பளிச்சென்று துளிர்த்தது.

"ஏம்மா, உன் பக்கம் மட்டும் துக்க வீடு மாதிரி கெடக்கு?" என்றார் மேனேஜர், இளையவளிடம்.

"தூங்குறவங்க வாயில சோத்தத் திணிப்பீங்களா சார்?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல," என்று சிரித்தாள் மூத்தவள். "மூட்டை கையில இருக்கு, எதுக்குடி கஞ்சத்தனம்?"

"அதுவா முழிக்கட்டும்க்கா."

(இவ்வளவு தைரியம் நிஜமா? எனக்கே சந்தேகம். கேட்டேன். "மூட்டையப் பிரிக்க ரெண்டு தடவை கத்திய எடுத்தேன் சார்." இது மேலே வந்திருக்க வேண்டும். இங்கேயே இருக்கட்டும்.)

4

குளிர் திரும்பியது. மூத்தவளின் இளந்துளிர் அத்தனையும் கருகிற்று. பிழைத்தது களை மட்டும், அதுவும் உரம் தின்று கொழுத்து. இளையவளோ குளிர் போய்த் தன் புல் முழுக்கப் பச்சையாகி, இரண்டு முறை வெட்டிய பிறகுதான் உரம் தூவினாள், கையோடு தண்ணீரும் விட்டாள்.

போட்டியன்று மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் நடந்தார். வேறு தீர்ப்பு வேண்டுமா?

(இங்கே அவளைத் தோற்கடித்தால்தான் இலக்கியம் என்றார் ஒரு நண்பர். அவர் தோற்கட்டும். இவள் ஜெயித்தாள்!)

5

முடிவு ஒன்று. மூத்தவள் அழுதுகொண்டே...

(அழுகிற ஆளா அவள்?)

முடிவு இரண்டு. இளையவள் மேனேஜரிடம், "களை பிடுங்க அக்காவ வெச்சுக்கறேன்" என்கிறாள். மூத்தவள், "உனக்குக் கீழயா? சம்பளத்தச் சொல்லுடி மொதல்ல!" என்கிறாள்.

கோடை முடியும் நேரம் வரைவோடு மறுபடி போனேன். முழுப் புல்வெளியும் பச்சை. சில வாரத்துக்கு ஒரு முறை தூவியது போக, ஒரு மூட்டை பிரிக்காமல் கிடந்தது. தூரத்தில் யாரோ குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெயில், முகம் தெரியவில்லை. (தெரிந்தது. சொல்ல மாட்டேன்.)

"முடிவுக்கு இன்னும் ஒரு பத்தி போடட்டுமா?" இளையவளிடம் கேட்டேன்.

"வேணாம் சார். குளிர் வரப்போகுது. இனிமே போட்டா கெடுதல்தான்."

ஆகவே, கணக்கு. வாங்கிய மூட்டை ஐந்து. தூவியது நான்கு. இருப்பு ஒன்று, அடுத்த வெயிலுக்கு. எழுதிப் பார்த்த முடிவு இரண்டு. போட்டது, ஒன்றும் இல்லை.

பாக்கி முடிவு, உங்கள் பேரில்.